உல்லாசப் பயணத்துறையும் கரையோர மக்களும் – ஓர் அறவியல் நோக்கு

ஒரு தொழில் ஓர் ஊருக்குப் பயன் தருகின்றது என்று கூறும்போது அக்கூற்றில் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. பயன் எவ்வளவு என்பது ஒன்று. பயன் எனப்படுவது யாது என்பது மற்றையது. முன்னையதற்குப் பொருளியலாளர் கணக்குகளால் விடை தருவர். பின்னையது அறவியலுக்கு உரியது. இலங்கைக் கரையோரங்களின் உல்லாசப் பயணத்துறை பற்றிய உரையாடல்களில் முன்னைய வினாவே பெரிதும் எழுப்பப்படுகின்றது. பின்னையதன் விடை யாவரும் அறிந்ததே என்னும் எண்ணம் அதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பொருந்துமா என ஆராய்தல் தகும்.

1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி உல்லாசப் பிரயாணச் சபை நிறுவப்பட்டபோது, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 19 ஆயிரம் பேரே இந்நாட்டுக்கு உல்லாசப் பயணிகளாக வந்தனர். 2018ஆம் ஆண்டில் அத்தொகை 23 இலட்சத்து 33 ஆயிரத்தையும் தாண்டியது. பெந்தோட்டை, ஹிக்கடுவை, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை ஆகிய கடற்கரைகள் இவ்வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டன.

இத்துறை தரும் நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. மீன்பிடியையும் சிறு வேளாண்மையையும் நம்பியிருந்த ஊர்களில் மாதச் சம்பளம் அரிதாகவே இருந்தது. விடுதிகள் அதனைக் கொணர்ந்தன. விடுதி ஊழியரன்றி முச்சக்கர வண்டி ஓட்டுவோர், மரக்கறி விற்போர், துணி வெளுப்போர், பவளப்பாறை காட்டும் படகோட்டிகள் எனப் பலரும் வருவாய் பெற்றனர். விருந்தினரிடம் அறவிடப்படும் 10 சதவீதச் சேவைக் கட்டணம் ஊழியரிடையே பகிரப்படும் வழக்கத்தினால், நல்ல பருவத்தில் சம்பளத்துக்கு மேலும் ஒரு தொகை கைக்கு வருவதுண்டு. ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை உயர்தர வகுப்புவரை கற்பதற்கு இவ்வருவாய் துணையாயின், அதனை இழிவாகக் கருதும் அறவியல் வறுமையை அறியாத அறவியலேயாகும்.

ஆயினும் கிழக்குக் கரையின் இயல்பு ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்தபின், ஏறத்தாழச் சித்திரை முதல் புரட்டாதி வரை, அக்கடல் அமைதியாக இருக்கும். உல்லாசப் பயணிகள் பெருமளவில் வருவது அக்காலத்திலேயே. கரைவலை இழுக்கப்படுவதும் அக்காலத்திலேயே. கரைவலைக்குத் தடையற்ற நீண்ட மணற்பரப்பு வேண்டும். வலையின் இரு கயிறுகளையும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பர். மீன் அம்மணலிலேயே கொட்டப்படும். பயணிக்கு வேண்டப்படுவதும் அம்மணலே. கரை ஒன்று, பருவம் ஒன்று, தேவைகள் இரண்டு. எனவே இங்குப் புதிய தொழில் பழைய தொழிலோடு மேலுமொன்றாகச் சேர்வதன்று. அதன் இடத்தையே வேண்டி நிற்பதாகும்.

மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடா இதற்குத் தக்க சான்றாகும். ஆழங்குறைந்து அலை தணிந்த அக்குடாவில் 1970களிலேயே விடுதிகள் அமைந்திருந்தன. 1983ஆம் ஆண்டின் பின் தொடர்ந்த போர் அவற்றைப் பாழாக்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. 2009இல் போர் முடிவுற்றதும், குடாவைச் சூழ்ந்த நிலம் உல்லாசப் பயண வலயமாக வகுக்கப்பட்டு, 2011 முதல் பெருவிடுதிகள் திறக்கப்பட்டன. வேலைகள் வந்தன. எனினும் அனுபவமும் ஆங்கிலத் தேர்ச்சியும் வேண்டிய பதவிகளைப் பெரிதும் பிற மாவட்டத்தினரே பெற்றனர். போரினாற் கல்வி குலைந்த உள்ளூர் இளைஞருக்குத் தோட்டவேலையும் துப்புரவும் போன்றனவே எஞ்சின. மீனவர் தோணிகளை நிறுத்திவந்த கரையும் சுருங்கியது.

பயன்பாட்டுவாதி இதற்கு ஒரு விடை கூறுவான்: சிலர் இழப்பினும் பலர் பெறுகின்றனர், கூட்டுத்தொகை பெரிதாயின் அதுவே நன்மை. இவ்வாதத்தின் குறைபாட்டை மீன்விலையே காட்டிவிடும். விடுதி நல்ல விலை கொடுத்துப் பெருமீனையும் இறாலையும் நண்டையும் வாங்குமாயின் விற்பவன் மகிழ்வான். அதே விலைக்கு வாங்க இயலாத அயலவளின் அடுப்பில் கறி குறையும். கூட்டுத்தொகை உயரும், அவளது குறை அதனுள் மறையும். பெற்றோரும் இழந்தோரும் வேறுவேறு மனிதர் என்பதனைக் கூட்டுத்தொகை காட்டுவதில்லை.

இவ்விடத்துக் கரை எவருக்குரியது என்னும் வினா எழுகின்றது. காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் யாவர்க்கும் பொது என்பது பண்டைய உரோம சட்டத்தின் கொள்கை. இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான கரையோர வலயத்தின் நிருவாகத்தை அரசிடம் ஒப்படைத்துள்ளது. ஆயின் அரசு அதன் உடைமையாளனா? மக்கள் தம் வளங்களைப் பேணுமாறு ஒப்புவித்த காப்பாளரே அரசின் அங்கங்கள் என, 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் உயர் நீதிமன்றம் எடுத்துரைத்தது. காப்பாளன் ஒருவன் ஒப்புவித்தோரைக் கேளாது அப்பொருளைப் பிறர்க்கு வழங்குவது அறமாகாது. கிடைக்கும் விலை உயர்ந்ததாயினும் அது அறமாகாது.

விருந்தோம்பல் தமிழ் மரபில் இல்லறத்தானின் கடன். அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: விருந்தை ஏற்பவன் அவ்வில்லத்துக்கு உரியவனாக இருத்தல் வேண்டும். ‘வேண்டாம்’ எனக் கூறும் உரிமையுடையவன் ‘வருக’ எனக் கூறும்போதே அச்சொல் விருந்தோம்பலாகின்றது. அவ்வுரிமை இல்லாதவன் புன்னகையோடு வரவேற்பினும் அவன் பிறர் வீட்டுப் பணியாளனே. மனிதனை ஒரு கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் கோட்பாடும் இதனையே வலியுறுத்துகின்றது. அறுகம்பையில் உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் பலவாகும். பொத்துவில் களப்பில் மீனவர் தம் தோணிகளிலேயே பயணிகளை ஏற்றிக் கண்டற்காடுகளைக் காட்டுகின்றனர். அங்கும் குறைகள் இல்லாமலில்லை. ஆனால் எத்தனை பேரை ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பனவற்றைத் தோணிக்குரியவனே தீர்மானிக்கின்றான். இவ்வேறுபாடு வருமானக் கணக்கில் தோன்றாது, வாழ்வில் தோன்றும்.

‘ஊர்’ என்பது ஒரே மனமுடையதன்று என்னும் மறுப்பு இங்குக் கவனிக்கற்பாலது. கரைவலையிற் சம்மாட்டியின் பங்கும் கயிறிழுப்போன் பங்கும் ஒருபோதும் சமமாக இருந்ததில்லை. விடுதி வேலைக்குச் செல்லும் பெண்ணை ஐயத்துடன் நோக்கும் ஊர், அவளது விருப்பை மதிக்கும் ஊருமன்று. எனவே ஊராரின் சம்மதம் என்பது சம்மாட்டிகளின் சம்மதமாகச் சுருங்கலாகாது. கயிறிழுப்போனும் பெண்களும் அதனுள் இடம்பெறல் வேண்டும். ஊரின் குறை ஊரைக் கேளாமைக்கு நியாயமாகாது. மேலும் பலரைக் கேட்பதற்கே அது நியாயமாகும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களும் அடுத்து வந்த கொள்ளைநோயும் இத்துறையின் நிலையாமையை உணர்த்தின. 2021இல் வந்த பயணிகள் ஏறத்தாழ 1 இலட்சத்து 94 ஆயிரம் பேரே. விடுதி மூடப்படும் காலத்தில், வலையும் கரையும் கைவசம் உள்ள குடும்பத்துக்குக் கடல் எஞ்சும். சம்பளத்துக்காகக் கரையை இழந்த குடும்பத்துக்கு இரண்டும் இல்லை. ஆகவே உல்லாசப் பயணத்துறையின் பயனை அளக்கும்போது, ஒருவன் கையில் எவ்வளவு பணம் சேர்ந்தது என்பதுடன், அப்பணம் நின்றுபோகும் நாளில் அவன் எங்கே நிற்பான் என்பதும் கேட்கப்படல் வேண்டும். தன் கரையிலேயே நிற்பானாயின் அவன் பெற்றது பயன். நிற்க இடமில்லையாயின் அவன் பெற்றது விலை மாத்திரமே. விற்கப்பட்டது அவனது கரை.