ஒத்து ஊதுவது இழிவா?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. அவ்வூர் நண்பர் ஒருவரின் மகள் பள்ளி மாணவி. சனிக்கிழமைதோறும் பேருந்தேறிக் கடலூர் சென்று வயலின் பயில்பவள். அண்மையில் மாணவர் இசைக்குழு ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நிகழ்ச்சியைக் காணப் பெருமிதத்தோடு சென்ற நண்பர் வாடிய முகத்தோடு திரும்பி என்னிடம் வந்தார்.

"காக்கா, நாலு வருஷமாப் படிக்கிறா. மத்த பிள்ளைங்க எல்லாம் பாட்டை வாசிக்குது. இவ கடைசி வரைக்கும் ஒரே சுரத்தை இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஒத்து ஊதறதுக்கா இவ்வளவு செலவு பண்ணி அனுப்புறேன்?" என்றார்.

அவருடைய மாமனாருக்கு வேறொரு மனக்குறை. குமருப் பிள்ளை மேடையேறி வாத்தியம் வாசிப்பதை மார்க்கம் ஒப்புமா என்பது பெரியவரின் கேள்வி. ஆக, அந்தச் சிறுமியைச் சுற்றி ஒரே வீட்டில் இரண்டு வழக்குகள். பாட்டனார், ஏன் வாசிக்கிறாள் என்கிறார். தந்தையோ, ஏன் இன்னும் அதிகமாக வாசிக்கவில்லை என்கிறார்!

பெரியவரின் கேள்வியை எள்ளி ஒதுக்குவதற்கில்லை. தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமும் அல்லன். ஆயினும் நம் கரையோர ஊர்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இசை கேட்டலுக்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியிருப்பதை நினைவூட்டலாம். இனிய ஓசை இனியது என்பதனாலேயே விலக்கப்பட்டதாகாது. அவ்வாறாயின் குயிலோசையையும் விலக்க வேண்டியிருக்கும் என்பது அவர்களின் வாதம். தந்திக் கருவிகளையும் குழல்களையும் அவர்கள் விலக்கியதும் உண்மையே; அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையன்று. ஆனால் விலக்கியதற்கு அவர்கள் காட்டிய காரணத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அக்கருவிகள் அந்நாளில் மதுவருந்துவோர் அவைக்கு அடையாளமாய் இருந்தன என்பதே அக்காரணம். இசை கேட்பதற்குக் காலமும் இடமும் உடனிருப்போரும் தக்கனவாய் அமைய வேண்டும் என்னும் ஜுனைத் பக்தாதி (ரஹ்) அவர்களின் கூற்றையும் அந்நூல் எடுத்தாள்கிறது. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதையும், அபூபக்கர் (ரலி) அவர்கள் தடுக்க முனைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'விட்டுவிடுங்கள்' என்று கூறியதையும் நாம் எல்லோரும் அறிவோம்.

எனவே கருவியை மட்டும் பார்த்து வழக்கை முடித்துவிடலாகாது. கூட்டத்தையும் பார்க்க வேண்டும். நண்பரின் மகள் சேர்ந்திருப்பது எத்தகைய கூட்டம்? அங்கே அவள் கற்பது என்ன? இவ்விடத்தில் பாட்டனாரின் வழக்கும் தந்தையின் வழக்கும் ஒன்றாகிவிடுகின்றன.

இப்பகுதிக்கு இசைக்கல்வி புதிதன்று. அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய இசைக் கல்லூரி 1929ஆம் ஆண்டினது. தமிழில் பாடு என்னும் குரலோடு 1941இல் மாநாடு கூடியதும் அண்ணாமலை நகரில்தான். தண்டபாணி தேசிகர் போன்றோர் அங்கே ஆசிரியராய் விளங்கினர். கடலூரிலோ மாவட்ட அரசு இசைப்பள்ளி குரலிசை, நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் முதலியவற்றைக் கற்பிக்கிறது. எனினும் நம் இசை மரபு பெரிதும் தனி ஒருவரை நடுவில் அமர்த்தி, ஏனையோரைப் பக்கத்தில் அமர்த்தும் மரபு. பதினைந்து இருபது மாணவர்கள் சமமாய் அமர்ந்து ஒன்றாக வாசிப்பதற்குப் 'பல்லியம்' என்ற பழஞ்சொல் நம்மிடம் இருந்தும் பழக்கம் குறைவு. அதனால்தான் பெற்றோரின் கண் தம் பிள்ளை நடுவில் இருக்கிறதா என்றே தேடுகிறது.

நண்பர் சினத்தில் வீசிய சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஒத்து ஊதுகிறவன்' என்று தமிழில் யாரைச் சொல்கிறோம்? தனக்கென்று கருத்தில்லாமல், செல்வாக்குள்ளவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை. அரசியலில் இச்சொல்லுக்கு ஓய்வே கிடையாது. ஆனால் இந்த வசை எங்கிருந்து வந்ததோ அந்த மேளத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் வியப்புத்தான் மிஞ்சும்.

பெரிய மேளத்தில் நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, ஒரு தாளம், ஓர் ஒத்து. ஒத்து என்பது நாதசுரத்தின் வடிவுடைய குழல்; ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கில்லை. அடிப்பகுதியிலுள்ள சில துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். பிறகு அதில் ஒலிப்பது ஒரே சுரம். அதை ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, இழை அறாமல் மணிக்கணக்கில் ஊத வேண்டும். மேளத்தில் புதிதாய்ச் சேரும் இளைஞருக்குப் பெரும்பாலும் வாய்த்தது இந்த ஒத்தோ தாளமோதான். இப்போது சுருதிப்பெட்டி வந்து பல மேளங்களில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

ஷேக் சின்ன மௌலானா சாகிபை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆந்திரத்துக் கரவதியில் 1924இல் பிறந்து, தஞ்சைப் பாணியில் உள்ளம் பறிகொடுத்து, திருவரங்கத்தில் குடியேறி வாழ்ந்தவர். 1998இல் 'சங்கீத கலாநிதி' விருது பெற்றவர். அத்தகைய மேதையின் நாதசுரமும் சுருதியோடு இணைந்தாக வேண்டும். ராகம் எவ்வளவு உயரம் பறந்தாலும் திரும்பி வந்து அமரும் கிளை சுருதிதான். ஒத்து ஒருபோதும் நாதசுரத்துக்கு ஏற்பத் தன் சுரத்தை மாற்றிக்கொள்வதில்லை. நாதசுரம்தான் ஒத்தோடு இணங்கி நிற்கிறது. ஆளுக்கேற்ப நொடிக்கொரு சுரம் மாற்றும் முகத்துதிக்காரனுக்கு இந்தப் பெயரைச் சூட்டிய நம் முன்னோர் மேளத்தைக் காதால் கேட்காமல் கண்ணால் மட்டும் பார்த்தார்கள் போலும்!

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் எளிதில் மடங்குபவர் அல்லர். "சரி காக்கா, ஒத்து உசத்திதான். ஆனா திறமை உள்ள பிள்ளை திறமை இல்லாத பிள்ளைக்காகக் காத்துக்கிட்டே இருந்தா அது நியாயமா?" என்றார்.

இது கடினமான கேள்வி. அந்தக் குழுவில் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிகிறதாம். புல்லாங்குழல் பையன் ஓரிடத்தில் தடுமாறினால் அவன் சரியாகும்வரை எல்லோரும் வில்லை மடியில் வைத்திருக்க வேண்டும். நன்றாக வாசிப்பவளுக்கு அது இழப்புத்தான். இழப்பே இல்லை என்று கூறிச் சமாதானம் செய்வதை நான் விரும்பவில்லை. ஆனால் தன்னால் விரைந்து செல்ல முடியும் என்று அறிந்தே மெல்லச் செல்பவளுக்கும், விரைய இயலாமல் மெல்லச் செல்பவனுக்கும் வேறுபாடு உண்டல்லவா? முன்னவளின் நடையை அடக்கம் என்கிறோம். அடக்கத்தைத் தனியறையில் பயில வழியில்லை. உடன் வருவோர் வேண்டும்.

தொழுகையோடு இசையை ஒப்பிட நான் முனையவில்லை. நமக்குப் பழகிய ஒன்றைச் சுட்டுகிறேன், அவ்வளவே. ஜமாஅத்தில் நிற்பவர் இமாமைவிட இனிமையாக ஓதத் தெரிந்தவராயினும் இமாமுக்கு முந்தி ருகூவுக்குச் செல்வதில்லை. அதே வேளையில் இமாம் தவறினால் பின்னிருப்பவர் 'சுப்ஹானல்லாஹ்' என்று உணர்த்தக் கடமைப்பட்டவர். இணங்குதல் வேறு, வாய் பொத்துதல் வேறு. இசைக்குழுவை நடத்தும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை அறியாதவராயின் நண்பரின் அச்சம் முழுதும் நியாயமாகிவிடும். தாளம் பிசகுகிறது என்று சொல்லத் துணியாத பிள்ளைகளைக்கொண்டு எழுப்பப்படும் ஒற்றுமை, அவர் வசையாய்ச் சொன்ன அந்த ஒத்தேதான்.

குழுவாக வாசிக்கும் உரிமையையே இழந்த பிள்ளைகளும் நம் காலத்தில் உண்டு. காபூலில் 2010இல் தொடங்கிய ஆப்கான் தேசிய இசைப் பயிலகத்தில் ஆணும் பெண்ணும் பயின்றனர். அங்கு 'ஸொஹ்ரா' என்ற பெயரில் பெண்பிள்ளைகளே அமைந்த இசைக்குழு ஒன்று உருவாகி, 2017இல் டாவோஸ் வரை சென்று வாசித்தது. தாலிபான்கள் 2021 ஆகஸ்டில் ஆட்சியைப் பிடித்ததும் பயிலகம் மூடப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் நாட்டைவிட்டு வெளியேறி, தோஹா வழியாகப் போர்ச்சுகல் சென்று சேர்ந்தனர். தடுத்தவர்களும் மார்க்கத்தின் பெயரையே சொன்னார்கள். பெரியவரை அவர்களோடு ஒருங்கு வைப்பது பெரும் அநீதி. அவர் பேத்தியின் மேல் கொண்ட கவலையால் கேட்கிறார். ஆயினும் கவலை கேள்வியாய் நிற்கும்வரை வீட்டில் பேச இடமிருக்கும் என்பதை அவரிடமும் பணிவாகச் சொன்னேன். அவர் பதிலொன்றும் கூறாமல் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிறுமியை இதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழைத்து, "ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருப்பது சலிப்பாயில்லையா, மகளே?" என்றேன். அவள் சற்று யோசித்தாள். "முதல்ல இருந்துச்சு பெரியவாப்பா. அப்புறம் மத்தவங்க வாசிக்கறது எல்லாம் எனக்குத்தான் நல்லாக் கேட்டுச்சு. யார் யார் எங்கே விட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

நண்பர் மகளை வியப்போடு பார்த்தார். அடுத்த சனிக்கிழமை பேருந்துக்குப் பணம் கொடுத்தார். பெரியவர் இன்னும் உடன்படவில்லை.