எண்ணுதல்

நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்று புதிதாக வருகிற நர்ஸ்களிடம் சொல்வேன். இருபத்தைந்து வருஷ வார்டு வேலை தந்த தெம்பு. புதியவள் விதியைப் பிடித்து நடக்கிறாள், தேர்ந்தவளுக்கு விதி தேவைப்படுவதில்லை என்று 1984இல் பெட்ரீஷியா பென்னர் எழுதியதும் எனக்குச் சாதகம்.

ஓரிரவு, புதியவள் ஒருத்தி முழு நிமிஷம் நின்று ஒருவரின் மூச்சை எண்ணினாள். 32. அதே சார்ட்டில், அதற்குமுன் மூன்று தடவை, எண்ணாமலே 20 என்று எழுதியிருந்தவள் நான். ரத்த அழுத்தம் இறங்குமுன்பே மூச்சு ஏறக்கூடும் என்று அவளுக்குப் பாடம் சொன்னவளும் நான்தான்.

டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு வந்தேன். அவள் என் 20களைப் பார்த்தபடி, "என்ன எழுதறது, சிஸ்டர்?" என்றாள். 24 என்று சொல்ல வாயெடுத்தேன்.

அனுபவத்தின் பார்வையும் அனுபவத்தின் சோம்பலும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரிகின்றன, உள்ளேயும்தான். இரண்டையும் பிரித்துக் காட்ட, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிற ஒருத்தி வேண்டியிருக்கிறது. கற்றுக்கொடுப்பது என்றால் தன் பொய்க்கு ஒரு சாட்சியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது என்று இப்போது படுகிறது.

"எண்ணினதை எழுது" என்றேன். என் 20கள் அதற்கு மேலே அப்படியே இருந்தன.