பத்தியம் இருந்தவருக்கு நோய் ஏன்?

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனுக்கு அருகில் உள்ளது ஜீவனஹள்ளி. கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி அது. கன்னடத்தில் 'ஜீவன' என்றால் வாழ்க்கை, 'ஹள்ளி' என்றால் சிற்றூர். தமிழிலோ ஜீவனம் என்ற சொல் உயிர் வாழ்தலையும் குறிக்கும், வயிற்றுப் பிழைப்பையும் குறிக்கும். இத்தகைய பகுதியில் ஒரு வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்று தெரிய வந்தால் என்ன நடக்கும்? மாலைக்குள் அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். "கவலைப்படாதீங்க அக்கா, இப்போ யாருக்குத்தான் சர்க்கரை இல்லை?" என்று ஆறுதல் சொல்வார்கள். அடுத்த மூச்சில், "ஸ்வீட் அதிகமாகச் சாப்பிடுவீங்களோ?" என்று கேட்பார்கள்.

அன்பினால் கேட்கப்படும் கேள்விதான் அது. ஆயினும் அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 'நோய் உன் வினை, நீ உண்டதன் பலன்' என்பதே அத்தீர்ப்பு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. அத்தனை பேரும் குற்றவாளிகளா? உணவுக்கும் நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை மறுக்க இயலாது. அத்தொடர்பை ஒப்புக்கொண்ட பிறகும், நோயாளியைப் பழிக்கும் உரிமை பிறருக்கு வருகிறதா என்பதே இங்கு எழும் கேள்வி.

இக்கேள்வி புதியதன்று. சரக ஸம்ஹிதையின் ஸூத்ர ஸ்தானத்தில், இருபத்தெட்டாம் அத்தியாயத்தில், அக்னிவேசர் தம் குருவான ஆத்ரேயரிடம் இதையே வேறொரு வடிவில் கேட்கிறார். நல்லுணவால் உடல் வளர்கிறது, தீயுணவால் நோய் வருகிறது என்று குரு உபதேசித்திருந்தார். ஆனால் உலகில் காண்பது வேறாக உள்ளதே! ஹிதமானதையே உண்பவர் நோயில் கிடக்கிறார், அஹிதத்தை உண்பவர் திடமாக நடமாடுகிறார். அப்படியானால் உணவினால்தான் நன்மை தீமை என்று எவ்வாறு கொள்வது? தம் சாஸ்திரத்தின் அடித்தளத்தையே அசைக்கக்கூடிய இந்தக் கேள்வியைச் சீடர் அஞ்சாமல் கேட்டார் என்பதும், அதை நூலிலேயே பதிவு செய்தார்கள் என்பதும் போற்றத்தக்கவை.

ஆத்ரேயர் மழுப்பவில்லை. நல்லுணவு உண்பதால் மட்டும் எல்லா நோய்ப் பயமும் நீங்கிவிடாது என்கிறார். பருவங்கள் மாறுபடுதல், அறிவு பிழைபடுதல், ஒலி, தொடு உணர்வு முதலிய புலன் நுகர்ச்சிகள் பொருந்தாமல் அமைதல் ஆகியனவும் நோய்க்குக் காரணங்கள். இவை நல்லுணவு உண்பவரையும் தாக்கும். மறுபுறம், தீயுணவு உண்டவுடன் தன் குணத்தைக் காட்டுவதும் இல்லை. எல்லாத் தீயுணவும் ஒரே அளவு தீங்குடையதன்று, எல்லாத் தோஷங்களும் ஒரே வலிமை உடையன அல்ல, எல்லா உடல்களும் நோயைத் தாங்கும் திறனில் சமமும் அல்ல. ஒருவன் இன்று தப்பித்தான் என்பதால் அவன் உண்டது நல்லது ஆகிவிடாது. ஒருவன் இன்று வீழ்ந்தான் என்பதால் அவன் உண்டது தீயது என்றும் ஆகிவிடாது.

இந்த விடையின் நேர்மையை உணர, ஸுச்ருதர் நீரிழிவைப் பற்றிக் கூறுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் பிரமேஹம் எனப்படும் அந்நோயை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று ஸஹஜம், அதாவது தாய் தந்தையரின் வித்தில் இருந்த குறையால் உடன் பிறந்து வருவது. மற்றொன்று அபத்தியத்தால் வருவது. இன்றைய மருத்துவத்தின் வகைப்பாடுகள் வேறு. இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்திக் காட்ட முயல்வது தேவையற்ற வேலை. எனினும், நோய்க்குப் பத்தியத்தை இவ்வளவு வலியுறுத்திய மரபே, நோயாளியின் நாக்குக்குச் சிறிதும் பொறுப்பில்லாத நோயும் உண்டு என்று அறிந்திருந்தது. அதைப் பின்வந்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

அந்த மறதியின் விலை என்ன என்பதற்கு மேலைநாட்டு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, குழந்தைகளைத் தாக்கும் நீரிழிவுக்கு வேறு வழியில்லாமல் கடும்பத்தியமே மருந்தாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஃப்ரெடரிக் ஆலன் வகுத்த முறையில், பிள்ளைகள் ஏறத்தாழப் பட்டினியாகவே வைக்கப்பட்டார்கள். எலும்பும் தோலுமாகச் சில காலம் உயிர் நீடித்தது, நோய் தீரவில்லை. 1922 ஜனவரியில் டொரண்டோ நகரில் பதினான்கு வயதான லியோனார்ட் தாம்ப்ஸன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்ட பிறகுதான் அந்நிலை மாறியது. அக்குழந்தைகளைவிடக் கடுமையாகப் பத்தியம் காத்தவர் எவர்? இன்றும் அத்தகைய குழந்தைக்கு ஊசியை நிறுத்திவிட்டுப் பத்தியத்தால் குணப்படுத்துவதாக யாரேனும் சொன்னால், அது ஆயுர்வேதமும் ஆகாது, தர்மமும் ஆகாது.

பத்தியம் என்ற சொல்லின் பொருளையே சற்று நோக்குவோம். வழியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து பிறந்தது 'பத்ய'. உடலின் வழிகளுக்கு ஊறு செய்யாததும் மனத்துக்கு இனியதும் பத்தியம் என்று சரகர் வரையறுக்கிறார். உடனேயே ஓர் எச்சரிக்கையும் தருகிறார். எந்தப் பொருளும் எப்போதும் பத்தியம் என்றோ, எப்போதும் அபத்தியம் என்றோ நிலையாகக் கொள்ளக்கூடாது. அளவு, காலம், பக்குவம், நிலம், உடல், தோஷம் ஆகியவற்றைப் பொறுத்து ஒன்றே மற்றொன்றாக மாறும். அதே அத்தியாயத்தில் பருப்பு வகைகளில் மிக அஹிதமானதாக உளுந்தைச் சொல்கிறார். தமிழர் வீடுகளில் காய்ச்சல் கண்டவருக்கு முதலில் நீட்டப்படுவதோ உளுந்து சேர்த்து அரைத்த இட்லி! ஊறி, அரைபட்டு, புளித்து, ஆவியில் வெந்த பிறகு உளுந்து பழைய உளுந்தாக இருப்பதில்லை. விமான ஸ்தானம் உணவின் தன்மையைத் தீர்மானிக்கும் எட்டு அம்சங்களில் இத்தகைய பக்குவத்தைக் 'கரணம்' என்று தனியே வைத்திருப்பது காரணத்தோடுதான். கர்நாடகத்தின் தானியமான கேழ்வரகுக்கும் இது பொருந்தும். கெட்டியான களியாகக் கீரைச்சாற்றுடன் உண்ணும் கேழ்வரகும், மாவை நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சி, வெல்லம் கரைத்துக் குடிக்கும் கேழ்வரகும் நீரிழிவு உடையவருக்கு ஒன்றாகா. 'கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது' என்ற ஒற்றை வாக்கியம் அரை உண்மைதான்.

சரி, எது பத்தியம் என்று தெரிந்தும் அதைக் கடைப்பிடிக்காதவரைப் பற்றி என்ன சொல்வது? அவரையாவது பழிக்கலாம் அல்லவா?

நல்லது எது என்று உண்மையாகவே அறிந்தவன் தீயதைச் செய்யமாட்டான் என்று ஸாக்ரடீஸ் வாதிட்டார். அப்படிச் செய்தால், அவன் அறியவில்லை என்றே பொருள். அரிஸ்டாட்டில் இதை அனுபவத்துக்கு மாறானது என்று கருதினார். ஆசையின் பிடியில் இருப்பவனிடம் அறிவு இருக்கிறது, ஆனால் குடிபோதையில் இருப்பவன் உயர்ந்த கவிதைகளை ஒப்பிப்பதைப் போல, அது நாவில் மட்டும் இருக்கிறது என்றார். கீதையில் அர்ஜுனனும், விரும்பாதபோதும் பலவந்தமாக ஏவப்பட்டவனைப் போல மனிதனைப் பாவம் செய்யத் தூண்டுவது எது என்று கேட்கிறான்.

சரகர் இதற்கு வைத்த பெயர் 'பிரஜ்ஞாபராதம்', அதாவது அறிவின் பிழை. அதனை அவர் மூன்றாகப் பிரித்துக் காட்டுவதில்தான் வைத்தியரின் கை தெரிகிறது. 'தீ' என்பது பகுத்தறியும் புத்தி. 'த்ருதி' என்பது மனத்தைப் பிடித்து நிறுத்தும் உறுதி. 'ஸ்ம்ருதி' என்பது அறிந்ததை உரிய வேளையில் நினைவில் கொள்ளும் திறன். பழச்சாறு இயற்கையானது, ஆகவே எவ்வளவு குடித்தாலும் கெடுதல் இல்லை என்று நம்பும் நீரிழிவு நோயாளிக்குப் பிழை புத்தியில் உள்ளது. மைசூர்பாகு ஆகாது என்று நன்றாகத் தெரிந்தும் கை தானாக நீளுகிறவருக்குப் பிழை உறுதியில் உள்ளது. வீட்டில் ஒழுங்காக இருந்துவிட்டு, கல்யாணப் பந்தியில் இலை நிறைந்ததும் தம்மையே மறந்துவிடுகிறவருக்குப் பிழை நினைவில் உள்ளது. முதலாமவருக்கு விளக்கம் தேவை, இரண்டாமவருக்குப் பயிற்சி தேவை, மூன்றாமவருக்கு அருகில் இருந்து மெல்ல நினைவூட்டும் ஒருவர் தேவை. மூவருக்கும் ஒரே மருந்தாக ஏச்சைக் கொடுப்பது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுப்பது போன்றது.

உறுதியைப் பழக்கவும் சரகர் வழி சொல்கிறார். பழகிப்போன தீயுணவை ஒரே நாளில் வெட்டிவிடச் சொல்லவில்லை. கால் பங்கு குறைத்து அந்த இடத்தில் நல்லதைக் கால் பங்கு சேர்க்க வேண்டும், இடைவெளி விட்டு அடுத்த காலுக்குச் செல்ல வேண்டும். இவ்வாறு படிப்படியாக விடப்பட்ட குற்றம் திரும்பி வருவதில்லை என்கிறார். மனித மனத்தின் மீதுள்ள இரக்கமே இங்கு விதியாக வடிவெடுத்திருக்கிறது. உணவில் மட்டுமின்றி, எந்தத் தீய பழக்கத்தை விட முயல்பவருக்கும் இது பயன்படும்.

த்ருதியின் உச்சத்துக்கு எடுத்துக்காட்டாகச் சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இறுதி ஆண்டுகளில் அவருக்குக் கால்கள் வீங்கும் நோய் கண்டது. பேலூர் மடத்தில் கவிராஜர் ஒருவரின் ஆயுர்வேத சிகிச்சையை மேற்கொண்டார். உப்பும் தண்ணீரும் அறவே கூடாது என்பது பத்தியம். வெயில் காலத்தில் அடிக்கடி தண்ணீர் அருந்தும் பழக்கமுடையவர் அவர். ஆனால் மருந்து தொடங்கிய நாள் முதல் நீரை விலக்கினார், பாலே அவருக்கு ஆகாரமாயிற்று. பத்தியத்தைக் குறைவறக் காத்த அவரும் 1902 ஜூலை 4 அன்று, நாற்பது வயது நிறைவதற்கு முன்பே உடலை நீத்தார். 'பத்தியம் காக்காததால் நோய் தீரவில்லை' என்று எளிதாகச் சொல்லிப் பழகிய நாக்கு இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

இனி, புத்தியும் உறுதியும் நினைவும் இருந்தும், கையில் காசில்லாதவரைப் பற்றி. கட்டட வேலைக்குச் செல்லும் ஒருவரின் கையில் காய்கறி, பருப்பு, பழம், கொட்டைகள் என்று வரிசையாக எழுதிய பத்தியச் சீட்டைக் கொடுத்து அனுப்புவது எளிது. அவர் வீட்டில் வயிற்றை நிரப்புவது நியாய விலைக் கடை அரிசி. அவர் அதை உண்பதை எந்த அபராதத்தில் சேர்ப்பது? ஸுச்ருதர் இந்த வேறுபாட்டையும் கவனித்திருக்கிறார். பொருளும் சுற்றமும் இல்லாத பிரமேஹ நோயாளி செருப்பும் குடையும் இன்றி, பிச்சை ஏற்று உண்டு, முனிவரைப் போல் அடக்கத்துடன் நூறு யோஜனையோ அதற்கு மேலோ நடக்கலாம் என்றும், கிணறு வெட்டலாம் என்றும் எழுதுகிறார். இன்று அதை அப்படியே சொன்னால் சிரிப்பார்கள். நீரிழிவு உடையவர் வெறுங்காலுடன் நடப்பது புண்ணுக்கு வழி வகுக்கும் என்பதால் சொல்லவும் கூடாது. ஆனால் அந்த அறிவுரையின் உட்கிடை கவனத்துக்குரியது. நோயாளியிடம் என்ன இல்லை என்று பார்த்து, இருப்பதைக் கொண்டு சிகிச்சையைக் கட்டியமைக்கிறார் அவர். ஏழையிடம் இருந்தவை கால்களும் கைகளும்தான். தம்மிடம் வருபவர் எதை வாங்க முடியும், எத்தனை மணிக்கு உண்ண முடியும், வீட்டில் யார் சமைக்கிறார் என்று கேட்காமல் பத்தியம் விதிக்கும் மருத்துவர் எவ்வளவு படித்தவராயினும், பாதிச் சிகிச்சையே செய்கிறார்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. பெரும்பகுதி உணவைப் பற்றியது. அதிகாரத்தின் இறுதியிலோ, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு பேர் கூடியதே மருத்துவம் என்று வகுக்கப்படுகிறது. சரகரும் சிகிச்சைக்கு நான்கு கால்கள் என்றே கொள்கிறார். நாற்காலியின் ஒரு கால் மட்டும் பழியைச் சுமக்க முடியாது. மருத்துவரின் மனப்பான்மை பற்றிச் சொல்லும்போது, நோயுற்றோரிடம் நட்பும் கருணையும் வேண்டும் என்று சரகர் விதிக்கிறார். குற்றம் காண்பது அப்பட்டியலில் இல்லை.

அக்னிவேசரின் கேள்விக்கு இடமளித்த அதே அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் ஆத்ரேயரின் தீர்ப்பு கிடைக்கிறது. தவிர்க்கக்கூடிய அபத்தியங்களை எப்போதும் தவிர்த்து வருபவன் சான்றோருக்குப் பட்ட கடனைத் தீர்த்தவன் ஆகிறான். எவராலும் தவிர்க்க இயலாத காரணத்தால் நோய் வந்தால், அறிவுடையோர் அதற்காக வருந்த வேண்டியதில்லை. பத்தியத்தைக் 'கடன்' என்று அவர் காண்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. கடனைச் செலுத்தியவன் பரிசு கேட்க மாட்டான். உடல்நலம் கிடைத்தே தீர வேண்டும் என்ற பேரமாகப் பத்தியத்தைக் கொள்பவர், பலன் வராதபோது பத்தியத்தையும் விடுவார், வைத்தியரையும் ஏசுவார், ஈசனையும் ஏசுவார். கடமையாகக் கொள்பவருக்கு இந்த ஏமாற்றம் இல்லை. கீதை கற்பிக்கும் கர்மயோகத்தை ஒருவர் அடுப்பங்கரையில் தொடங்கலாம் என்றால், அது இங்கேதான்.

ஆனால் கடமை என்பதால் அது கசக்க வேண்டும் என்பதும் இல்லை. 'மனத்துக்கு இனியது' என்று வரையறையிலேயே சேர்த்த சரகர், சிகிச்சா ஸ்தானத்தின் கடைசி அத்தியாயத்தில் அதை நினைவில் வைத்துக்கொண்டு மீண்டும் பேசுகிறார். ஒன்றையே தொடர்ந்து உண்பதாலும் சுவை இல்லாததாலும் நோயாளிக்குப் பத்தியம் வெறுத்துவிடும். அப்போது அவரை நிர்ப்பந்திக்காமல், வெவ்வேறு பக்குவங்களால் அதை மீண்டும் விருப்பமானதாக்கித் தர வேண்டும் என்கிறார். இதை நம் வீட்டுப் பெண்கள் நூலைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு நாள் பூண்டுக் குழம்பு, மறுநாள் கறிவேப்பிலைக் குழம்பு, அதற்கடுத்த நாள் சுண்டைக்காய் வற்றலை வறுத்துப் பொடித்துச் சுடுசோற்றில் ஒரு கரண்டி நெய்யுடன். உப்பைக் குறைத்த நாளில் மிளகும் சீரகமும் கொஞ்சம் கூடும். ஜீவனஹள்ளியின் அந்த வீட்டிலும், சர்க்கரை கண்ட அம்மாவுக்கு மட்டும் தனித்தட்டில் களியை வைத்துவிட்டு மற்றவர்கள் எதிரில் அமர்ந்து வெள்ளைச் சோறும் பாயசமும் உண்ணாமல், முருங்கைக்கீரை சேர்த்த கேழ்வரகு ரொட்டியை எல்லோருக்குமாகத் தட்டிப் போடலாம். அம்மா இரண்டோடு நிறுத்திக்கொள்வாள், பிள்ளைகள் மூன்றாவதைக் கேட்பார்கள்.