ஓபோன்: கியோட்டோவுக்குத் திரும்பி வருபவர் யார்?

ஆகஸ்ட் நடுவில் ஜப்பானியர் சொந்த ஊர் திரும்புகிறார்கள். ஓபோன் அரசு விடுமுறை இல்லை என்றாலும் பல நிறுவனங்கள் அந்நாட்களில் மூடிவிடுகின்றன. ஷின்கான்சென் ரயில்களில் இடம் கிடைப்பது அரிது. 13 முதல் 16 வரையான இந்த நான்கு நாட்களில், இறந்த முன்னோரும் தாங்கள் வாழ்ந்த வீட்டுக்கு வந்து தங்குவதாக நம்பிக்கை. விழாவை நடத்துபவை பெரும்பாலும் பௌத்தக் கோயில்கள். நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்பதோ பௌத்தத்தின் அடிப்படைப் போதனை. அப்படியானால் திரும்பி வருவது யார்?

கியோட்டோவில் வரவேற்பு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஆகஸ்ட் 7 முதல் 10 வரை ரொகுடோ சின்னோஜி கோயிலின் முன் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். தொரிபேனோ என்ற பழைய இடுகாட்டின் வாயிலில் அமைந்த கோயில் இது. ஒன்பதாம் நூற்றாண்டு அரசவைக் கவிஞர் ஓனோ நோ தகாமுரா, இங்குள்ள கிணற்றின் வழியே இரவுதோறும் எமலோகம் சென்று பணிபுரிந்தார் என்பது ஐதிகம். மூடிய மாடத்துக்குள் தொங்கும் மணியை, வெளியே நீளும் கயிற்றைத் தன்பக்கம் இழுத்து ஒலிக்கவேண்டும். அந்த ஓசை கேட்டு முன்னோர் வருவார்கள். வாங்கிச்செல்லும் கோயாமாகி மரக்கிளையில் ஏறி அவர்கள் வீடு சேர்வதாகச் சொல்வார்கள்.

பௌத்தத்தின் பழைய விடை இதற்குப் பொருந்தாது. மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்னது, ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு ஏற்றப்படுவதுபோல, எதுவும் இடம்பெயராமலே மறுபிறப்பு நிகழ்கிறது என்பது. அது மறுபிறப்பை விளக்கும். வேறெங்கோ பிறந்துவிட்டவர் ஆண்டுதோறும் பழைய வீட்டுக்கு வருவதை விளக்காது. நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ 1946இல் வெளிவந்த தம் நூலில், ஓபோனின் வேர் பௌத்தத்துக்கு முந்திய முன்னோர் வழிபாடு என்று வாதிட்டார். வரவேற்புச் சடங்குகளைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் விழாவுக்கு ஆதாரமான உல்லம்பன சூத்திரம் வேறொன்றைச் சொல்கிறது. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், தம் தாய் பசிப்பேயாகப் பிறந்து துன்புறுவதைக் காண்கிறார். அவர் நேரே கொடுத்த சோறு, அவள் வாயை எட்டுமுன் தணலாகிவிடுகிறது. ஏழாம் மாதம் 15ஆம் நாள், மழைக்காலத் தவம் முடிக்கும் துறவியருக்கு உணவளிக்கச் சொல்கிறார் புத்தர். அந்தப் புண்ணியத்தால் தாய் விடுபடுகிறாள். இந்தக் கதை சீனத்தில் உருவாகியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர் பலர். ஆனால் கதையின் கூர்மையை அந்த ஐயம் குறைக்கவில்லை. என் தாய், என் சோறு என்று நீட்டிய கை தோற்கிறது. யாரோ சிலருக்கு ஈந்தது அவளைச் சென்றடைகிறது. இங்கே தேவைப்படுவது அழியாத ஆன்மா அன்று. பற்றை விடும் ஈகை மட்டுமே.

விழாவின் பௌத்தம் வழியனுப்புதலில்தான் தெளிவாகத் தெரிகிறது. 16ஆம் நாள் காலை கியோட்டோ வீடுகளில் அராமே என்ற கடற்பாசியை வேகவைத்து, அந்த நீரை வாசலில் தெளித்து முன்னோரை அனுப்பிவைக்கும் வழக்கம் உண்டு. இரவு எட்டு மணிக்குத் தைமோன்ஜி மலையில் ‘பெரிய’ என்று பொருள்படும் எழுத்து தீயால் எழுகிறது. அடுத்த இருபது நிமிடங்களில் மற்ற மலைகளிலும் தீ மூள்கிறது: வியத்தகு தர்மத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், ஒரு படகு, மீண்டும் ‘பெரிய’, கடைசியாக ஷிந்தோ கோயில்களின் தோரணவாயில். இறந்தவரின் பெயரோ வாழ்பவரின் வேண்டுதலோ எழுதிய விறகுகளும் அந்தத் தீயில் எரிகின்றன. அன்புக்குரியவரை நான்கு நாட்களுக்குமேல் வைத்துக்கொள்ள மறுப்பதில் கடினமான துறவு ஒன்று இருக்கிறது.

இந்த ஏற்பாட்டையே மறுத்தவர் பௌத்தத் துறவி ஷின்ரான் (1173–1263). பெற்றோருக்கான கடனாகத் தாம் ஒருமுறைகூட அமிதாப புத்தரின் பெயரைச் சொன்னதில்லை என்று அவர் கூறியதாக, அவருடைய சொற்களைத் தொகுத்த தன்னிஷோ என்ற நூல் பதிவுசெய்கிறது: எல்லா உயிரும் ஏதோ ஒரு பிறவியில் தாய்தந்தையாக இருந்தவையே, புண்ணியம் ஈட்டித் தரும் ஆற்றலும் மனிதனுக்கு இல்லை. அவர் வழிவந்த ஜோடோ ஷின் பிரிவினருக்கு, நம்பிக்கையோடு இறந்தவர் அப்போதே அமிதாபரின் தூய நிலத்தில் புத்தராகிவிடுகிறார்; மணியடித்து அழைக்கவும் தீமூட்டி அனுப்பவும் யாருமில்லை. ஆயினும் ஓபோன் நாட்களில் ஷின்ரானின் சமாதி அமைந்த ஓதானி ஹோன்பியோவுக்கும் குடும்பங்கள் திரண்டு வருகின்றன. முன்னோரை நினைவாகக் கொண்டு தர்மம் கேட்கத் திரும்பி வரவேண்டியவர்கள் உயிரோடிருப்பவர்களே என்பது அங்கு சொல்லப்படும் விடை.