பிள்ளையும் சோதனை மருந்தும்

மூளைத் தண்டில் பிள்ளைகளுக்கு வரும் டி.ஐ.பி.ஜி. புற்றுநோயை அறுத்து அகற்ற இயலாது. கதிர்வீச்சு சில மாதங்கள் ஆறுதல் தரும். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஓராண்டுக்குள் மௌத்தாகி விடுகின்றனர். 'புது மருந்தைச் சோதிக்கிறோம், சம்மதமா?' என்று டாக்டர் கேட்டால் பெற்றோர் என்ன சொல்வது?

முதற்கட்டச் சோதனை, உடம்பு எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்று பார்ப்பதற்கே. பலன் நாளை வேறொரு பிள்ளைக்குப் போகலாம். நம் உடம்பையானால் அப்படிக் கொடுக்கலாம், நன்மையுண்டு. பிள்ளையோ அல்லாஹ்வின் அமானிதம். இந்தப் பிள்ளைக்கும் சிறிதாவது பலன் உண்டா என்று துருவிக் கேட்டே சம்மதிக்க வேண்டும் என்பேன். மறுத்தாலும் பாவமில்லை, குணம் நிச்சயமில்லாத வைத்தியத்தை இமாம்களில் பெரும்பாலோர் கடமையாக்கவில்லை.

எல்லோரும் மறுத்தால்? இதே இனக் கட்டிகளுக்கு 2025-ல் அமெரிக்கா அனுமதித்த டோர்டாவிப்ரோன், பெரியவர்களும் பிள்ளைகளுமாக 50 பேரில் 11 பேருக்கே பலன் தந்தது. மற்ற 39 பேரும் சம்மதித்ததால்தான் இதுவும் தெரிந்தது.

சம்மதித்த பின்பும், 'வீட்டுக்குப் போகணும்' என்று பிள்ளை அழுதால் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம்.