உடன் வந்தோரை விட்டேகலாமோ?

வெள்ளிமலையைத் தன்னகத்தே கொண்ட கல்வராயன் மலையில், முதுகிற் சுமை தாங்கிக் குழுவாக ஏறும் இளைஞர் உளர். மலையேறுவோர் யாவர் முன்னும் ஒரு தர்ம வினா நிற்கின்றது: சிகரம் அண்மையில் இருக்க, ஒருவர் தளர்ந்து வீழ்ந்தால், ஏனையோர் மேற்செல்வதா, நிற்பதா?

2006-ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிக்கருகே ஆங்கிலேயர் ஒருவர் உயிருக்குப் போராடிக் கிடந்தார். சிலர் உதவ முயன்றனர், பலர் கடந்து சென்றனர், அவர் மாண்டார். 1953-இல் தென்சிங்குடன் அவ்வுச்சியை எய்திய ஹில்லாரி இதனை வன்மையாகக் கண்டித்தார். பிராணவாயு சமவெளியினும் மூன்றிலொரு பங்கேயான அவ்விடத்தில், தன்னுடலைச் சுமப்பதே அரிதாயிருக்கப் பிறனைச் சுமப்பது எங்ஙனம் என்று வாதிப்பாரும் உளர்.

மஹாபாரதத்தின் மஹாப்ரஸ்தானிக பர்வம் இதற்கு விடை தருகின்றது. இமயம் ஏறுகையில் திரௌபதி, ஸஹதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என ஒவ்வொருவராய் வீழ, யுதிஷ்டிரர் திரும்பியும் பாராது நடந்தார். ஆயினும், பின்தொடர்ந்த நாயை விட்டு இந்திரனது ரதத்தில் ஏற மறுத்தார். தம்பியரைத் துறந்தவர் நாயைத் துறக்கலாகாதோ என்று இந்திரன் வினவினான். மாண்டாரை மீட்கத் தம்மால் இயலாது; அவர்கள் உயிரோடிருந்தவரை தாம் துறந்ததில்லை என்றார் அவர்.

ஆகவே இயலாமை பாபமன்று; உயிருள்ளாரைச் சிகரத்தின் பொருட்டுக் கைவிடுதலே பாபம். உதவ இயலுமா என்று அறிவதற்கேனும் நிற்றல் வேண்டும். நில்லாது சென்றவர், இயலாதென்று சொல்லும் உரிமையையும் இழந்தவராவர். சரண் புகுந்தாரைக் கைவிடாத எம்பெருமானின் அடியார், கூட்டத்தில் தளர்ந்தவரின் நடைக்கே தம் நடையை அளந்துகொள்வாராக.