இணைப்புத் தாள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பதினெட்டு வயது நிரம்பியவர் பிறப்புச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தால், சிலருக்கு மட்டும் சான்றிதழோடு இன்னொரு தாளும் வரும். அதில் பெரிதாக எதுவும் இருக்காது. உங்கள் பிறப்பு குறித்துப் பதிவாளரிடம் மேலும் தகவல் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். தானமாகப் பெற்ற விந்தணுவாலோ கருமுட்டையாலோ பிறந்ததாகப் பதிவாகியிருப்பவர்களுக்கு 2010 முதல் இந்த ஏற்பாடு. பாஸ்போர்ட்டுக்காக உறையைப் பிரிக்கும் ஒரு பிள்ளை, அம்மாவும் அப்பாவும் பதினெட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு அரசாங்கத் தாளிலிருந்து தெரிந்துகொள்ள நேரலாம்.

அதே மாநிலம் 2017 மார்ச் 1 முதல் இன்னும் ஒரு படி போனது. எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும், பதிவேடுகள் மிஞ்சியிருக்கும்வரை, கொடையாளர் யார் என்று அறிந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு. கொடையாளரின் சம்மதம் தேவையில்லை. இந்த மாற்றத்தை மக்கள் நரெல் கிரெச் என்ற பெண்ணின் பெயரால் அழைக்கிறார்கள். பதினைந்து வயதில்தான் அவருக்கு விஷயம் சொல்லப்பட்டது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தேடினார். கொடையாளரைப் பற்றி அவர் கையில் இருந்த அடையாளம் ‘டி5’ என்ற குறியீடு. 2011இல் முற்றிய நிலையில் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதே கொடையாளரால் பிறந்த இன்னும் எட்டுப் பேர் எங்கோ இருந்தார்கள். அந்த நோய் அவர்களுக்கும் வரலாம், எச்சரிக்க வேண்டும் என்பது நரெலின் தவிப்பு. 2013இல் கொடையாளரைச் சந்தித்தார். சில வாரங்களில், முப்பது வயதில், இறந்துபோனார்.

சட்டத்தை எதிர்த்தவர்களின் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பெயர் ஒருநாளும் வெளியே வராது என்ற உறுதியை நம்பித்தான் அந்தக் காலத்தில் பலர் தானம் கொடுத்தார்கள். பிறகு கல்யாணம், குழந்தைகள் என்று அவரவர் வாழ்க்கை. மனைவியிடம்கூடச் சொல்லாதவர்கள் இருப்பார்கள். முப்பது வருடம் கழித்து அரசே அந்த வாக்கை முறிப்பது நியாயமா?

வாக்கைக் கொடுத்தது மருத்துவர், வாங்கிக்கொண்டது கொடையாளர், ஒத்துக்கொண்டது குழந்தை வேண்டி வந்த தம்பதி. யாருடைய பிறப்பைப் பற்றிய ஒப்பந்தமோ, அந்த ஆள் அப்போது பிறக்கவே இல்லை. நம் ஊரில் சொத்து விவகாரம் தெரிந்த யாரும் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். மைனர் பெயரில் இருக்கும் நிலத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் பெற்ற தகப்பனே விற்க முடியாது. விற்றால், மேஜரானதும் பிள்ளை வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அரை ஏக்கருக்கு இவ்வளவு காபந்து வைத்திருக்கும்போது, தான் யாருடைய வித்து என்ற சேதியை மட்டும் மூன்று தரப்பினர் சேர்ந்து நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட முடியும் என்பதை ஏற்க முடியவில்லை. வீட்டிலிருந்தே எச்சிலை அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்ளும் இந்தக் காலத்தில், அந்த வாக்கைக் காப்பாற்றும் சக்தியும் எந்த மருத்துவமனைக்கும் இல்லை.

கொடையாளரை விக்டோரியாவின் சட்டம் கைவிட்டுவிடவும் இல்லை. பெயர் போகும், ஆனால் என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுக்கலாம், மீறினால் தண்டனை உண்டு. இது சரியான இடத்தில் போட்ட கோடு. ஒருவரின் பெயரை அறிவதால் அவர் அப்பா ஆகிவிடுவதில்லை. காய்ச்சல் அடித்த ராத்திரியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவர், சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர், அவர்தான் அப்பா. அந்த இடத்தை ஒரு பதிவேட்டு வரி பறிக்காது.

பறித்துவிடும் என்ற பயம்தான் வாயைக் கட்டிவைக்கிறது. அந்தப் பயத்தை ஏளனம் செய்வது அநியாயம். கல்யாணமான ஆறாவது மாதமே ‘விசேஷம் ஒண்ணும் இல்லையா?’ என்று கேட்கிற ஊரில், குறை பெண்ணிடம்தான் என்று பேச்சு வந்துவிடும். ஆணிடம் விந்தணு இல்லை என்ற மருத்துவ அறிக்கையை அந்த வீட்டில் மூன்றாம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். ரகசியம் அங்கே பிறக்கிறது, பெரியவர்களின் மானத்தைக் காக்க. பிள்ளையின் நன்மைக்கு என்ற பெயர் அதற்குப் பிறகு வருவது.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் சில விஷயங்களில் கறாரானது. ஒரு கொடையாளரின் விந்தணுவையோ கருமுட்டையையோ ஒரே ஒரு தம்பதிக்குத்தான் வங்கி தரலாம். கருமுட்டை தானம் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். கொடையாளருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது. பிள்ளை முழுக்க முழுக்கத் தம்பதியின் பிள்ளை. இதெல்லாம் நல்லது. ஆனால் ரகசியம் பற்றிய பிரிவைப் பார்க்க வேண்டும். தேசியப் பதிவேட்டுக்குத் தருவதைத் தவிர, தகவல் வெளியே வருவதற்கு இரண்டே வழி: மருத்துவ அவசரத்தில் தம்பதி கேட்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். வளர்ந்த பிள்ளை தானாகக் கேட்கலாம் என்று அங்கே இல்லை. இந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

திருத்தினாலும், தெரியாத விஷயத்தைப் பற்றி யார் போய் விண்ணப்பம் போடுவார்கள்? அதனால் பாரம் கடைசியில் பெற்றோர் மேல்தான் விழுகிறது. சின்ன வயதில் சொல்வது அத்தனை கடினமில்லை. ‘அப்பாகிட்ட விதை இல்லடா கண்ணு, ஒருத்தர் கொடுத்தார், அதுல நீ வந்தே’ என்றால் நாலு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடும். இருபத்தைந்து வயதில் சொல்வதற்கு இரண்டு மன்னிப்புகள் வேண்டியிருக்கும். அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில், பிள்ளை ஏதோ ஒரு நாள் மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்கும். ‘உங்க அப்பா வழியில யாருக்காவது புற்றுநோய் இருந்திருக்கா?’ என்று அவர் கேட்பார். தாத்தா, சித்தப்பா, அத்தை என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, ‘யாருக்கும் இல்ல டாக்டர்’ என்று பிள்ளை சொல்லும். அவரும் அப்படியே எழுதிக்கொள்வார்.